ரயிலில் மட்டும் பேசுகிற அப்பா

எங்கள் அப்பா தையல் மிஷின் உதிரி பாகங்கள் விற்றார். கடை வைத்து அல்ல, பெட்டி தூக்கி. பாபின், ஷட்டில், ஊசி, பெல்ட் என்று மாதிரிகளை அடுக்கிய ஒரு தோல் பெட்டியோடு முப்பத்தோரு வருஷம் ரயிலில் போனார், ரயிலில் வந்தார். மாதத்தில் இருபது நாள் வெளியூர். கம்பெனியில் அவருக்கு 'டைம்டேபிள்' என்று பெயர். எந்த வண்டி எந்த ஊரில் எத்தனை நிமிஷம் நிற்கும், எந்த ஸ்டேஷன் குழாயில் தண்ணீர் நன்றாக வரும் என்று கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுவார். உங்கள் மகள் எத்தனாவது படிக்கிறாள் என்று கேட்டால்தான் கொஞ்சம் யோசிப்பார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை என்றால் அது பொய். குறையாகத்தான் சொல்கிறேன்.

வீட்டில் அவர் வாயைத் திறக்கமாட்டார். "சாப்பிட்டியா?", "படிச்சியா?", "லைட்டை அணை." இந்த மூன்றுக்குள் அவருடைய பாசம் மொத்தமும் அடங்கியாக வேண்டும். அம்மா சிரிப்பாள். "உங்கப்பாவோட பேசணும்னா டிக்கெட் எடுக்கணும்டி" என்பாள். நான் அதை வெறும் கேலி என்றுதான் நினைத்திருந்தேன்.

பன்னிரண்டு வயதில் பள்ளி விடுமுறையின்போது ஒரு தடவை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அன்றுதான் தெரிந்தது. வண்டி பிளாட்பாரத்தை விட்டு நகர்ந்ததும் மனிதர் வேறு ஆளாகிவிட்டார். எதிரே இருந்த கிழவருக்குச் செருப்பைக் கழற்றி எங்கே வைத்தால் காணாமல் போகாது என்று சொல்லிக் கொடுத்தார். பிள்ளைத்தாய்ச்சிப் பெண் ஒருத்தி மேல் படுக்கையைப் பார்த்து மலைத்து நின்றாள். அப்பா ஒரு வார்த்தை சொன்னார், கீழே இருந்த ஆள் உடனே எழுந்து மேலே ஏறிக்கொண்டான். அந்தக் காலத்தில் ரயிலில் இடம் மாற்றிக்கொள்வதெல்லாம் ஒரு பேச்சே இல்லை. மதியத்துக்குள் எட்டுப் பேரும் ஒரு குடும்பமாகிவிட்டார்கள். ஒருவர் பொட்டலம் பிரித்தால் எட்டுப் பேருக்கும் பங்கு. அப்பா கதை சொல்ல, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "ஐயோ போதும் சார், வயிறு வலிக்குது" என்று அந்தப் பெண் கெஞ்சினாள்.

அவருடைய கதைகளில் நானும் வந்தேன். நான் முதன்முதலில் சைக்கிள் ஓட்டி விழுந்தது, கணக்குப் பரீட்சைக்குப் பயந்து காய்ச்சல் என்று நடித்தது, எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. வீட்டில் நாளிதழுக்குப் பின்னால் இருந்த மனிதர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது. என்னைப் பற்றி யாரோ எட்டுப் பேரிடம் சொல்கிறவர் என்னிடம் ஏன் சொல்லக்கூடாது?

திரும்பி வரும்போது சாயங்காலம் ஒரு ஜங்ஷன் வந்தது. அங்கே வண்டி இரண்டாகப் பிரியும். முன்னால் இருக்கும் ஒன்பது பெட்டி மேற்கே ஒரு பாதையில் போகும், கடைசி ஐந்து பெட்டிக்கு வேறு எஞ்சின் மாட்டி எங்கள் ஊருக்குக் கொண்டுவருவார்கள். அந்த நாளில் நீண்ட தூர வண்டிகள் பலவும் இப்படித்தான். அப்பா வாசலில் தொங்கிக்கொண்டு பிளாட்பாரத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் சொன்னார்: "கடைசி அஞ்சு பெட்டிங்க, கடைசி அஞ்சு! முன்னாடி போய்ப் பேசிக்கிட்டு இருக்கிறவங்க எல்லாம் அவங்கவங்க இடத்துக்கு வந்துடுங்க!" இது ரயில்வே ஆட்கள் செய்ய வேண்டிய வேலை. அவர்கள் அப்பாவைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

ஊர் வந்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியதும் பேச்சையும் கூடவே கழற்றிவிட்டார். "லைட்டை அணை" என்றார்.

எனக்குப் பதினாறு வயதானபோது அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. சாதாரண ஆபரேஷன் என்றார்கள். மூன்றாம் நாள் ஜுரம் ஏறி, ஆளே மாறிப்போனாள். சித்தி காலை ஒன்பது மணிக்கு அப்பா தங்கியிருந்த லாட்ஜுக்கு போன் போட்டு, "அக்கா நிலைமை சரியில்ல, உடனே கிளம்புங்க" என்றாள். பதினோரு மணிக்கு அங்கிருந்து வண்டி உண்டு. மறுநாள் காலை ஆறுக்கு எங்கள் ஊருக்கு வந்துவிடும். இதற்கு எனக்கு டைம்டேபிள் பார்க்கத் தேவையில்லை, டைம்டேபிளின் மகள்தானே நான்.

மறுநாள் காலை ஆறு ஆனது, ஏழு ஆனது. ஆஸ்பத்திரி அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் அம்மா கண்ணைத் திறந்து, "அப்பா வந்துட்டாரா?" என்று கேட்டாள். நர்ஸ் வந்தாலும் கேட்டாள், தரை துடைக்கிறவர் வந்தாலும் கேட்டாள். சாயங்காலம் நாலு மணிக்குப் பிறகு கேட்கவில்லை. அப்பா அதற்கும் அடுத்த நாள் காலையில் வந்தார். கையில் பெட்டி இல்லை, சட்டையெல்லாம் கரி. "வண்டி கிடைக்கல" என்றார். அவ்வளவுதான். சித்தி துக்கத்திலும் விடவில்லை. "வண்டியிலயே குடியிருக்கிற மனுஷனுக்கு வண்டி கிடைக்கலையாம்!" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

வண்டி தினமும் ஓடுகிற வண்டி. அவர் பொய் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். ஏன் என்றுதான் தெரியாது. வேறு ஏதாவது வீடு இருக்குமோ என்றுகூட என் புத்தி போயிற்று. அன்றிலிருந்து நானும் அவரோடு மூன்று வாக்கியத்துக்கு மேல் பேசியதில்லை. நான் அழுத்தக்காரி. யாரிடமிருந்து வந்தது அந்தக் குணம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இருபத்தாறு வருஷம் இப்படியே ஓடியது. நான் வேறு ஊரில் காப்பீட்டு அலுவலகத்தில் இருக்கிறேன். ஊரார் கொடுக்கும் ஆவணங்களில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் வேலை. அப்பாவுக்கு எழுபத்தாறு ஆகி, மாடிப்படியில் ஒருமுறை விழுந்த பிறகு, பழைய வீட்டைக் காலி செய்து என்னோடு வந்துவிடுவது என்று முடிவாயிற்று. சித்தி போனில், "விமானத்துல ரெண்டு மணி நேரம்டி. எதுக்கு அவரை இருபத்தெட்டு மணி நேரம் ரயில்ல போட்டு உருட்டுற?" என்றாள். நான் ஏதோ சாக்குச் சொன்னேன். உண்மைக் காரணம் ஒன்றுதான். அம்மா சொன்னபடி டிக்கெட் எடுத்தேன். இருபத்தெட்டு மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்தால் அந்த மனிதர் பேசுவார். அன்றைக்கு ஏன் வரவில்லை என்று அவரே சொல்லுவார். இது அவருடைய கடைசி ரயில். இதை விட்டால் எனக்கு வேறு வழி கிடையாது.

சரி, என் சாமர்த்தியத்தைக் கேளுங்கள். போனில் டிக்கெட் எடுக்கும்போது, முதியவருக்குக் கீழ்ப் படுக்கைதான் வேண்டும் என்ற கட்டத்தைத் தொட்டேன். அந்தப் புண்ணியம் பிடித்த மிஷின் அப்பாவுக்குக் கீழ்ப் படுக்கை கொடுத்தது, நாலாவது பெட்டியில். எனக்கு இடம் ஒன்பதாவது பெட்டியில். பத்து வருஷமாக அடுத்தவர் காகிதத்தில் ஒரு புள்ளியை விடாதவள் என் டிக்கெட்டை முழுசாகப் படிக்கவில்லை. ஸ்டேஷனுக்கு வந்த பிறகுதான் பார்க்கிறேன்.

"பரவாயில்ல, ஏறி மாத்திக்கலாம்" என்றார் அப்பா. அவர் பழைய ரயிலைச் சொல்கிறார். நான் நாலாவது பெட்டியில் அவருக்கு எதிரே இருந்த பெண்ணிடம் கேட்டேன். அவள் காதில் மாட்டியிருந்த இயர்போனில் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு, "ஆப்ல எனக்கு இதுதான் காட்டுது" என்று சொல்லி மறுபடி மாட்டிக்கொண்டாள். பக்கத்திலிருந்தவன் நான் கேட்பதற்கு முன்பே கண்ணை மூடிக்கொண்டான். டிக்கெட் பரிசோதகர் கையிலிருந்த கருவியைக் காட்டி, "இதுல மாத்த முடியாது மேடம்" என்றார். கோபம் வந்தது. ஆனால் யார் மேல் கோபப்படுவது? வண்டி என்னவோ சுத்தமாகத்தான் இருந்தது. கரி இல்லை, நாற்றம் இல்லை, குலுக்கல் இல்லை. திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல், பளிச்சென்று விளக்கு, ஆளுக்கு ஒரு திரை. யாரும் யாரையும் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாதபடி செய்திருந்தார்கள்.

முதல் இரண்டு மணி நேரம் நான் அப்பாவின் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் முயற்சி செய்தார். "தம்பி எதுவரைக்கும்?" என்று பக்கத்திலிருந்தவனைக் கேட்டார். அவன் போனோடு மறுபக்கம் திரும்பிக்கொண்டான். "ஜன்னலைத் திறந்தா காத்து நல்லா வரும்" என்றார். அது திறக்காது என்று நான் சொன்னேன். பெட்டிக்குள் ஒரே ஒரு ஆள்தான் கையில் ஒன்றும் இல்லாமல் இருந்தார். லிஃப்ட் மெக்கானிக், நாற்பது வயசு இருக்கும். காலையில் முகம் கழுவும்போது போன் தண்ணீரில் விழுந்து செத்துவிட்டதாம். "ஒரு நாள் பூரா நான் என்னங்கய்யா பண்ணுவேன்?" என்று அப்பாவிடம் புலம்பினார். அப்பாவின் முகம் மலர்ந்தது. "என்ன தம்பி வேலை?" என்று ஆரம்பித்தார்.

அப்போது என் போன் அடித்தது. விடுப்பு போட்டிருந்தேன், ஆனால் மேலாளருக்கு விடுப்பு என்றால் என்னவென்று தெரியாது. ஒரு பெரிய கோப்பில் சிக்கலாம், மடிக்கணினி கையில் இருக்கிறதுதானே என்றார். என் பெட்டிக்குப் போனேன். அரை மணி நேர வேலை என்று நினைத்தது மதியம் வரை இழுத்தது. பிறகு ஒரு கூட்டம், ஆறு பேர் ஆறு ஊரிலிருந்து.

மூன்று மணிக்கு அப்பா வந்தார். ஐந்து பெட்டி தாண்டி, ஓடுகிற வண்டியில், கம்பியைப் பிடித்துப் பிடித்து. தலையை நனைத்து வாரியிருந்தார். சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டிருந்தார். என் எதிரே நின்று, "அம்மா, உன்கிட்ட ஒண்ணு..." என்றார். என் காதில் மேலாளர் பேசிக்கொண்டிருந்தார். நான் ஒரு விரலைத் தூக்கினேன். ஒரு நிமிஷம்.

அவர் எதிர்ப் படுக்கையின் நுனியில் உட்கார்ந்தார். கையை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியரைப் பார்க்க வந்தவர் மாதிரி காத்திருந்தார். நான் அந்தக் கோப்பின் பதினேழாவது பக்கத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். கழிவறைக்குப் போயிருந்த அந்த இடத்துக்காரர் திரும்பி வந்து, "இது என் சீட்" என்றார். அப்பா எழுந்தார். என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டி, இதோ முடிந்துவிடும் என்று ஜாடை காட்டினேன். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார்.

அது ஒரு நிமிஷத்தில் முடியவில்லை. ஆறே முக்காலுக்குத்தான் முடிந்தது. நாலாவது பெட்டிக்கு ஓடினேன். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். மெக்கானிக் உதட்டில் விரல் வைத்து, தூங்குகிறார் என்று காட்டினார். சரி, நாளைக்குக் காலையில் பேசிக்கொள்ளலாம் என்று திரும்பினேன். நாளை என்பதை எவ்வளவு தாராளமாகச் செலவழித்தேன் பாருங்கள்.

மறுநாள் ஒன்பது மணிக்கு ஒரு பெரிய ஸ்டேஷனில் வண்டி பத்து நிமிஷம் நின்றது. அப்பாவுக்கு டீ வாங்க இறங்கினேன். மெக்கானிக்குக்கு அதுதான் ஊர். பையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார்.

"அக்கா, உங்கப்பா மாதிரி ஒரு ஆளை நான் பார்த்ததில்ல. லிஃப்டுக்குள்ள எல்லாரும் கதவையே பார்த்துக்கிட்டு நிப்பாங்க. இப்ப ரயிலும் அப்படித்தான் ஆயிடுச்சு. என் போன் செத்தது நல்லதாப் போச்சு."

"அவர் வண்டியில நல்லா பேசுவார்" என்றேன்.

"சிரிக்கவும் வெச்சாரு, அழவும் வெச்சாரு. அம்மா விஷயம் சொன்னப்ப எனக்கே தாங்கல. 'இதை என்கிட்ட சொல்லி என்னங்கய்யா பிரயோஜனம்? மகள் அங்கதானே இருக்காங்க, போய் அவங்ககிட்ட சொல்லுங்க'ன்னு நான்தான் பிடிச்சுத் தள்ளினேன். தலை சீவிக்கிட்டுக் கிளம்பினாரு. நீங்களும் பெரிய மனசு பண்ணிட்டீங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன சொன்னார்?" என்றேன்.

"திரும்பி வந்து சொன்னாரே. 'சொல்லிட்டேன் தம்பி. என் மகள் ஒரு வார்த்தை திட்டல. என் கையைப் பிடிச்சுக்கிட்டா'ன்னு. அப்புறம்தான் நிம்மதியாப் படுத்தாரு." பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். "பாவம்க்கா. பதினோரு மணி வண்டியில ஏறிட்டுத்தானே இருந்திருக்காரு! சரியான பெட்டியிலதான் ஏறியிருக்காரு. ஆனா பயம். தனியா உட்கார முடியல. முன்னாடிப் பெட்டியில யாரோ ஒரு குடும்பம், அவங்களோட போய் உட்கார்ந்து கதை பேசியிருக்காரு. பேசினா பயம் தெரியாதுன்னு. ஜங்ஷன்ல வண்டி ரெண்டாப் பிரிஞ்சதே தெரியல. ஏதோ ஆத்துப் பாலம் வந்ததும்தான், இது நம்ம பாதையில கிடையாதேன்னு தூக்கிவாரிப் போட்டிருக்கு. இவரோட தோல் பெட்டி மட்டும் உங்க ஊருக்கு வந்துடுச்சு. இவர் ஒரு சின்ன ஸ்டேஷன்ல இறங்கி, மறுநாள் மத்தியானம் வரைக்கும் வண்டி இல்லாம... 'அவ என்னைத் தேடிக்கிட்டிருந்த நேரத்துல நான் யாரையோ சிரிக்க வெச்சுக்கிட்டு இருந்தேன் தம்பி'ன்னு சொன்னாரு. அதை எப்படி வீட்ல வந்து சொல்லுவாரு, சொல்லுங்க?"

ஊருக்கெல்லாம் கடைசி ஐந்து பெட்டி என்று கத்திச் சொன்ன மனிதர். நான் இருபத்தாறு வருஷம் என்னென்னவோ நினைத்தேன். இதை மட்டும் நினைக்கவில்லை. இரண்டு கையிலும் டீ வைத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்றேன். கண்ணைத் துடைக்கக்கூடக் கை காலி இல்லை.

"வரேன்க்கா. ஐயாவைப் பார்த்துக்கோங்க" என்று மெக்கானிக் போய்விட்டார்.

நாலாவது பெட்டியில் இப்போது அவருடைய இடம் காலி. அதில், அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தேன். என்ன வேண்டும் என்று அவ்வளவு காசு கொடுத்து டிக்கெட் எடுத்தேனோ அது கிடைத்துவிட்டது. எதிரெதிர் இருக்கை, இரண்டு மணி நேரம். அப்பா டீயை ஊதி ஊதிக் குடித்தார். நேற்றைக்கு இருந்த அந்த மலர்ச்சி முகத்தில் இல்லை. வீட்டு முகமாக இருந்தது.

"அப்பா, நேத்து ஏதோ சொல்லணும்னு வந்தீங்களே. என்னப்பா அது?"

"ஒண்ணுமில்லையே."

"இல்லப்பா. ஏதோ சொல்ல வந்தீங்க. நான்தான்..."

"சும்மா உன் இடம் வசதியா இருக்கான்னு பார்க்க வந்தேன். வேலை செய்யிறப்ப தொந்தரவு பண்ணிட்டேன்."

எனக்கு எல்லாம் தெரியும்ப்பா, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை, உங்களை இத்தனை வருஷம் தண்டித்தவள் நான்தான் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அதைச் சொன்னால், மெக்கானிக்கிடம் என்னைக் காப்பாற்றுவதற்காக அவர் சொன்ன பொய்யும் வெளியே வந்துவிடும். அந்த நேற்று அவருக்கு எப்படியோ நல்லபடியாக முடிந்திருக்கிறது. அதில் நான் நல்ல மகள். கையைப் பிடித்துக்கொண்ட மகள். அதையாவது உண்மையாக்கலாம் என்று எட்டி, அவர் பக்கமாகக் கையை நீட்டினேன்.

அப்பா என் கையைப் பார்த்தார். ஜன்னலோரம் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகித் திறந்து, என் கையில் கொடுத்தார்.

வாங்கிக் குடித்தேன்.